மணல் குளவியை இனம் காண்பது எப்படி? கொள்ளிடம் மணலில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலைவனக் குளவி என்றதும் ராஜஸ்தானுக்கு ரயில் ஏற வேண்டாம். பாலை மணலில் வளை தோண்டும் பெம்பிக்ஸ் என்ற பேரினத்துக்கு ஒட்டகமோ கள்ளியோ தேவையில்லை. அதற்கு வேண்டியது மூன்றுதான்: காலால் வாரினால் சரியும் காய்ந்த மணல், நாள் முழுக்க வெயில், பக்கத்திலேயே ஈ. நெல் விளையும் களிமண்ணில் அது தோண்டாது. ஆனால் காவிரி டெல்டாவுக்கு நடுவிலேயே கொள்ளிடத்தின் மணல் திட்டுகள் கிடக்கின்றன. கிழக்கே பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கடலோர மணல்மேடுகள் நீள்கின்றன. தோண்டும் குளவிகளைப் படிக்கத் தொடங்குபவருக்கு இந்த இடங்களே போதும்.

தொடங்கும் முன் ஒன்று. "இது புது இனமாக இருக்குமோ" என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே வரும். அதை ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் கையிலுள்ள சாவியில் (அடையாளங்களைப் படிப்படியாகத் தேர்ந்தெடுத்து இனத்தின் பெயருக்குப் போகும் பட்டியலில்) இல்லாத பூச்சி எல்லாம் புதியது ஆகிவிடாது. பெரும்பாலும் சாவி பழையதாக இருக்கும், அல்லது ஆணைப் பெண்ணுக்கான சாவியில் ஓட்டியிருப்பீர்கள். லேபிள், வரிசை, அளவு, ஒப்பீடு என்ற நான்கும் சரியாக இருந்தால் பெயர் தானாக வந்து சேரும். இவற்றில் ஒன்று பிசகினாலும் எவ்வளவு அழகான வர்ணனையும் பயன்படாது.

எப்போது, எங்கே போவது

ஆற்றுப் படுகையில் வேலை செய்ய மாசி முதல் ஆனி வரை நல்ல காலம். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் சில நாட்களில் தண்ணீர் டெல்டாவுக்கு வந்துவிடும். கொள்ளிடம் வெள்ள வடிகால் என்பதால் அதில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆடிப்பெருக்கு சமயத்தில் திட்டோடு வளைகளும் போய்விடும். அணை நிலவரம் தெரியாமல் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்களில் மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும், கால் புதைந்தால் தனியாக ஏற முடியாது. இருவராகப் போவது நல்லது. கடலோரத்தில் தை கடைசியிலிருந்தே வேலை தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கும் ஒன்றும் கிடைக்காது. அந்த மாதங்கள் நுண்ணோக்கிக்கு.

காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை போதும். அதற்குப் பிறகு மணல் உங்களுக்குத்தான் முதலில் சுடும். ஈரமாகவும் இல்லாமல், காற்றில் பறக்கும் அளவுக்கு நொய்யாகவும் இல்லாமல், அடம்பு கொடியோ இராவணன் மீசையோ அங்கங்கே பிடித்து வைத்திருக்கும் வெறும் மணலைத் தேடுங்கள். தேன் குடிக்க வரும் குளவிகளுக்குப் பொடுதலை படர்ந்த ஈரக்கரையும், பூத்த சீமைக்கருவேலும் நல்ல இடங்கள். சீமைக்கருவேலைத் திட்டாத ஒரே கூட்டம் குளவி பிடிப்பவர்களாகத்தான் இருக்கும்.

கோடியக்கரையில் மட்டும் நில்லுங்கள். 1967 முதல் அது வனவிலங்கு சரணாலயம். வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே ஒரு ஈயைக்கூடப் பிடிக்கக் கூடாது. அனுமதி வராதவரை சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள மணலே உங்கள் களம்.

முதலில் இது எந்தக் குடும்பம்

மஞ்சள் பட்டை போட்டதெல்லாம் குளவி அல்ல. மலர் ஈக்கள் அதே வேடம் போடும். ஈக்கு ஒரு ஜோடி இறக்கைதான், உணர்கொம்பும் குட்டையாக இருக்கும். குளவிக்கு இரண்டு ஜோடி. தேனீயோடு குழப்பம் வந்தால் மயிரைப் பாருங்கள்: தேனீயின் மயிர் கிளைவிட்டு இறகு போல இருக்கும், குளவியின் மயிர் கிளையில்லாதது. இதற்கு 40 மடங்கு பெருக்கம் வேண்டும்.

அடுத்து, கூட்டமாக வாழும் காகிதக் கூட்டுக் குளவிகளையும் தனியாகத் தோண்டும் குளவிகளையும் பிரிக்க வேண்டும். காகிதக் குளவி உட்காரும்போது இறக்கையை நீளவாக்கில் விசிறி போல மடித்துக்கொள்ளும். தோண்டும் குளவி தட்டையாக வைக்கும். செத்த பூச்சியில் முன்மார்பைப் பாருங்கள். முன்னிறக்கை தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மூடி போன்ற தகடு இருக்கும். காகிதக் குளவியில் முன்மார்பின் பின்விளிம்பு அந்தத் தகடு வரை நீளும். பெம்பிக்ஸ் கூட்டத்தில் அதுவரை எட்டாது, பதிலாகப் பக்கத்தில் ஓர் உருண்டை மடல் தெரியும். இந்த ஒரு அடையாளத்தைக் கண் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அதே மணலில் வேறு சிலவும் கிடைக்கும். நீண்ட காலோடு, இறக்கையை வெடுக் வெடுக்கென்று அசைத்தபடி தரையில் ஓடுவது சிலந்தி வேட்டைக் குளவி. நீலப்பச்சையாக மின்னிக்கொண்டு பிள்ளைப்பூச்சி, சுவர்க்கோழி வகைகளைத் தேடித் தோண்டுவது குளோரியன் லோபாட்டம். இடுப்பு நூலாக நீண்டு, புழுவை இழுத்துப் போவது அம்மோஃபிலா. இறக்கையே இல்லாமல், வெல்வெட் ஒட்டிய எறும்பு போல ஊர்வது எறும்பல்ல, மியூட்டிலிடே குடும்பத்துப் பெண் குளவி. அதைக் கையால் எடுத்தவர் மறுபடி எடுக்க மாட்டார். பச்சை உலோகமாய் ஜொலித்து, தொட்டால் உருண்டையாகச் சுருளும் குட்டிக் குளவி அடுத்தவர் வளையில் முட்டையிட வந்தது.

எதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்பதும் நல்ல துப்பு. பெம்பிக்ஸின் இரை பெரும்பாலும் ஈதான்: மாட்டு ஈ, பச்சை ஈ எதுவானாலும் வயிற்றுக்கடியில் நடுக்கால்களால் அணைத்துக்கொண்டு பறந்தே வரும். வெட்டுக்கிளியையோ சிலந்தியையோ தரையில் இழுத்துச் செல்லும் குளவி பெம்பிக்ஸ் அல்ல.

பெம்பிக்ஸ்தான் என்று உறுதிப்படுத்த நான்கு அடையாளங்கள். மேலுதடு கிளி மூக்கு போல நீண்டு கீழ்நோக்கி வரும். அகலத்தைவிட நீளம் அதிகம். தலையுச்சியில் இருக்க வேண்டிய தனிக்கண்கள் உருக்குலைந்திருக்கும். நடுவிலுள்ளது வளைந்த தழும்பு போலத்தான் தெரியும். பெண்ணின் முன்காலில் சீப்புப் பல் மாதிரி முள்வரிசை உண்டு. மணலை வாரும் கருவி அது. முன்னிறக்கையில் விளிம்புக்குக் கீழே மூன்று சிறு அறைகள் இருக்கும். உயிரோடு இருக்கும்போது பல இனங்களுக்குக் கண் பச்சையாகவும் பட்டை இளமஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ இருக்கும். செத்ததும் கண் கறுத்துவிடும், பட்டையின் பச்சையும் மங்கும். அதனால் நிறத்தைப் பிடித்த நிமிடமே நோட்டில் எழுதுங்கள், படமும் எடுங்கள்.

பிடிப்பதற்கு முன் பார்ப்பது

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கூட்டில் போட்ட புழு குளவியாக மாறுவதில்லை. கொட்டுப்பட்டு அசையாமல் கிடக்கும் இரையின் மேல் குளவி முட்டையிடுகிறது, பொரிந்த குளவிப்புழு அதைத் தின்று வளர்கிறது. வீட்டுச் சுவரில் மண் கூடு கட்டும் வேட்டுவாளி ஒரே தடவையில் இரையை நிரப்பி வாயை மூடிவிட்டுப் போய்விடும். பெம்பிக்ஸ் அப்படியல்ல. புழு வளர வளர நாள்தோறும் புது ஈ கொண்டுவந்து ஊட்டும். இது நடைமுறைக்கு முக்கியம்: ஈயோடு வரும் பெண்ணை நீங்கள் பிடித்தால் உள்ளே இருக்கும் புழு பட்டினியில் சாகும். ஓர் இடத்தில் இருபாலிலும் ஐந்திலிருந்து பத்து வரை எடுத்தால் போதும். பத்து வளையே உள்ள சின்னத் திட்டு என்றால் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்.

வெளியே போகும்போது பெண் வளை வாயை மணலால் மூடிவிட்டுப் போகும். நமக்கு எல்லா மணலும் ஒன்றுதான், ஆனால் அது நேராக வந்து இறங்கும். சுற்றியுள்ள சுள்ளி, சிப்பி, செடி ஆகியவற்றின் இருப்பை வைத்துத்தான் இடம் பிடிக்கிறது. விலங்கு நடத்தை ஆய்வாளர் நிகோ டின்பெர்கன் தேனீ வேட்டைக் குளவி ஒன்றின் வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வைத்துப் பழக்கி, பிறகு அந்த வட்டத்தைத் தள்ளி வைத்துக் காட்டியது இதைத்தான்: குளவி வளைக்குப் போகாமல் வட்டத்துக்குப் போனது. ஆகவே வளை ஓரத்தில் பை, செருப்பு, தண்ணீர் பாட்டில் எதையும் வைக்காதீர்கள். அடையாளக் குச்சி நட வேண்டுமானால் குளவி உள்ளே இருக்கும்போது, ஒரு அடி தள்ளி நடுங்கள். வெளியே வந்ததும் புதுக் குச்சியையும் சேர்த்து மனதில் பதித்துக்கொள்ளும்.

வலை 30 முதல் 38 செ.மீ. விட்டம், கைப்பிடி ஒரு மீட்டர். பறக்கும் பெம்பிக்ஸைத் துரத்திப் பிடிக்க முயன்றால் காலையெல்லாம் ஓட்டப்பந்தயம்தான். வளை வாய்க்கு மேல் வலையைத் தரையில் கவிழ்த்து, வால் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். உள்ளிருந்து வருவது மேல்நோக்கி ஏறும், கீழே பாட்டிலை நுழைத்துப் பிடிக்கலாம். ஆண்கள் காலையில் மணலை ஒட்டித் தாழ்வாக வட்டமடிக்கும். அதற்குத் தரையோடு சேர்த்து ஒரே வீச்சு.

மஞ்சள் தட்டுப் பொறியையும் வைக்கலாம்: ஆறு அங்குல மஞ்சள் கிண்ணங்கள், முக்கால் பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, ஐந்து மீட்டர் இடைவெளி. சின்னக் குளவிகள் நிறைய விழும். பெம்பிக்ஸ் அபூர்வமாகத்தான் விழும். காற்றடித்தால் கிண்ணம் மணலால் நிரம்பும், ஆடு வந்தால் தண்ணீர் இருக்காது, விழுந்த பூச்சியைக் காக்கை தேர்ந்தெடுத்துத் தின்னும். மாலைக்குள் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க ஊறினால் மயிர் ஒட்டிக்கொண்டு நிறமும் கெடும்.

கொல்லும் பாட்டில்: அகல வாய்க் கண்ணாடி பாட்டில், அடியில் ஒரு அங்குலம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். அதில் 5 மி.லி. எத்தில் அசிடேட் ஊற்றி, உறிஞ்சாத மீதியை வடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், எத்தில் அசிடேட் பலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். உள்ளே கசக்கிய டிஷ்யூ போடாவிட்டால் பூச்சிகள் தங்கள் ஈரத்தில் தாங்களே குளித்து மயிர் ஒட்டிப்போகும். ஒரு மணி நேரமாவது விடுங்கள். பாதி மயக்கத்தில் எடுத்த பூச்சி ஊசியில் எழுந்துகொள்ளும். ரசாயனம் வேண்டாமென்றால் டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் ஒரு இரவு.

கொட்டினால் என்ன செய்வது? பெம்பிக்ஸ் தானாக வந்து கொட்டாது, கையில் நசுங்கினால்தான் கொட்டும். குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம் போதும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வளையைத் தோண்ட வேண்டுமா? இனத்தின் வாழ்க்கையை எழுத அது உதவும், ஆனால் காய்ந்த மணலில் சுரங்கம் உடனே சரியும். முதலில் ஓர் ஈர்க்கை மெல்ல உள்ளே விடுங்கள். தென்னை ஈர்க்கின் நுனி வளைவுக்கு வளைந்து கொடுக்கும். பிறகு ஒரு சாண் தள்ளிப் பள்ளம் பறித்து, கரண்டியால் பக்கவாட்டிலிருந்து சீவிக்கொண்டு வாருங்கள், மேலிருந்து தோண்டாதீர்கள். சுரங்க நீளம், சாய்வு, அறை இருக்கும் ஆழம், அந்த ஆழத்தில் மணல் ஈரமா காய்ந்ததா, அறையில் எத்தனை ஈ என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். அவற்றை இனம் காண வேறொருவர் தேவைப்படுவார்.

லேபிள்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்த இயற்கையியலாளர் யோஹன் கெர்ஹார்டு கோனிக் உள்ளிட்டோர் அனுப்பிய பூச்சிகளை வைத்து டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் பல இனங்களுக்குப் பெயர் வைத்தார். வாழிடம் என்று அவர் எழுதியது பல இடங்களில் ஒரே சொல்: தரங்கம்பாடி. அது கோட்டைக்கு எதிர் மணலா, நாலு மைல் உள்ளே வயல் வரப்பா, வேறெங்கோ பிடித்து அங்கே கப்பலேற்றியதா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் அதைவிட நன்றாகச் செய்யலாம்.

மாவட்டப் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்டாவே சாட்சி. 1990-ல் தரங்கம்பாடியில் பிடித்த பூச்சியின் லேபிளில் தஞ்சாவூர் மாவட்டம் என்றிருக்கும். 2000-ல் பிடித்ததில் நாகப்பட்டினம். இன்று மயிலாடுதுறை. ஊர் நகரவில்லை, எல்லைக்கோடுதான் மூன்றாகியது. அதனால் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) கட்டாயம். செல்போன் காட்டும் தசம எண்ணில் நான்கு இலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டர் துல்லியம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிசகும், அந்தப் பிசகுக்குள் மணலும் வயலும் கடலும் அடங்கிவிடும்.

ஒரு லேபிள் இப்படி இருக்க வேண்டும் (உண்மையில் இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், வெளியூர் நிபுணரும் படிக்க வேண்டுமல்லவா):

இந்தியா, தமிழ்நாடு, மயிலாடுதுறை மாவட்டம், தரங்கம்பாடி, கோட்டைக்கு வடக்கே 600 மீ.; வடக்கு, கிழக்கு ஆயத்தொலைவு; உயரம்; கடற்கரை மணல், அடம்பு; 14, மாதம் ரோமன் எண்ணில் மூன்று, 2025; கைவலை; பிடித்தவர் பெயர்.

மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பகட்டுக்கு அல்ல. 4/3 என்று எழுதினால் நமக்கு மார்ச் 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 3. காகிதம் அமிலமற்ற தடித்த தாளாக இருக்கட்டும். லேசர் அச்சு அல்லது நீரில் கரையாத மை. பால்பாயிண்ட் மை வெளிறும், இங்க்ஜெட் ஆல்கஹாலில் கலைந்துவிடும். லேபிள் பூச்சியோடு ஊசியில் இருக்க வேண்டும். "1, 2, 3 என்று நம்பர் போட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன்" என்பவரின் நோட்டு ஒருநாள் தொலையும்.

ஊசி குத்துவது

கடையில் விற்கும் குண்டூசி வேண்டாம். அது குட்டை, தடிமன், டெல்டா ஈரத்தில் துருப்பிடித்துப் பூச்சியை உள்ளிருந்தே பிளக்கும். 38 மி.மீ. நீளமுள்ள துருப்பிடிக்காத பூச்சி ஊசியை வாங்குங்கள். பெம்பிக்ஸ் அளவுக்கு இரண்டாம் எண் சரி. நடுமார்பின் முதுகுத் தகட்டில் மையக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் குத்துங்கள். நடுவில் குத்தினால் இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும் அடையாளம் இரண்டுமே போய்விடும், வலது கெட்டால் இடது மிஞ்சும். ஊசித் தலைக்கும் பூச்சிக்கும் இடையே விரல் பிடிக்க 8 முதல் 10 மி.மீ. விடுங்கள்.

ஈரம் காயும் முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகள்: தாடையைத் திறந்து வைப்பது, மேலுதட்டை முன்னே இழுத்து விடுவது, ஆணின் இனப்பெருக்க உறுப்பைக் கொக்கி ஊசியால் வெளியே இழுத்து வைப்பது. பெம்பிக்ஸில் ஆணின் இந்த உறுப்பும் வயிற்றடித் தகடுகளும்தான் பல இனங்களைப் பிரிக்கும் அடையாளம். காய்ந்த பிறகு நினைவு வந்தால், டிபன் டப்பாவில் ஈர மணல் பரப்பி, பூஞ்சை வராமல் சில துளி வினிகர் விட்டு, பூச்சியை அட்டை மேல் வைத்து 24 மணி நேரம் மூடி வையுங்கள். இரண்டாம் நாள் தாண்டினால் நம் ஊர் வெக்கைக்குப் பூஞ்சை வந்தே தீரும்.

ஒரே இடத்தில் பிடித்த ஒவ்வொரு தொகுதியிலும் ஓரிரு பூச்சியின் வலது நடுக்காலை எடுத்து 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹாலில், அதே லேபிளின் நகலோடு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு மரபணுப் பட்டைக்குறியீடு (இனத்தைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. துண்டு) பார்க்க உதவும். பூச்சியை முழுதாக ஆல்கஹாலில் போட்டுவிட்டால் மயிர் படிந்துவிடும். மயிரின் நிறமும் நீளமும் படுகிற திசையும் அடையாளங்கள் என்பதால் ஊசி குத்திய உலர் பூச்சி கட்டாயம் வேண்டும்.

நுண்ணோக்கியில்

10 முதல் 40 மடங்கு வரை காட்டும் இருகண் நுண்ணோக்கி போதும். வெளிச்சம்தான் பிரச்சினை. எல்.இ.டி. விளக்கை நேரே அடித்தால் பளபளக்கும் ஓட்டில் இல்லாத குழியும் மேடும் தெரியும். பூச்சியைச் சுற்றி டிரேசிங் பேப்பரைக் குழலாக வைத்தால் ஒளி பரவலாகும். புள்ளிக்குழி (ஓட்டிலுள்ள நுண்குழி) அடர்த்தி பற்றிய வாக்கியத்தை அந்த ஒளியில் பார்த்த பிறகு மட்டும் எழுதுங்கள்.

முதலில் ஆணா பெண்ணா என்று தீருங்கள். உணர்கொம்பில் அடிக்கணுவிலிருந்து எண்ணினால் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. வயிற்றில் மேலே தெரியும் தகடு பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எண்ணிக்கை தவறு, திரும்ப எண்ணுங்கள்.

புதியவர் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. மார்பின் கடைசித் துண்டு உண்மையில் வயிற்றின் முதல் கண்டம், அது முன்னேறி மார்போடு ஒட்டிக்கொண்டது. குளவி இடுப்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே நாம் "வயிறு" என்று எண்ணத் தொடங்குவது இடுப்புக்குப் பின்னுள்ள முதல் தகட்டிலிருந்து. அந்த ஒட்டிய துண்டையும் சேர்த்து எண்ணினால் சாவியில் "இரண்டாம் அடித்தகடு" என்றிருப்பதை முதலாவதில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆண் பெம்பிக்ஸில் வரிசையாகப் பார்க்க வேண்டியவை: உணர்கொம்பின் கடைசிக் கணுக்கள் அடியில் குழிந்தவையா, முள் உள்ளவையா. நடுத்தொடையின் அடிவிளிம்பு ரம்பப் பல்லா வழவழப்பா. முன்கால் நுனிக் கணுக்கள் விரிந்து தட்டையானவையா. வயிற்றடி இரண்டாம் தகட்டிலும் ஆறாம் தகட்டிலும் எழும் முகடு அல்லது கொம்பின் வடிவம். பக்கவாட்டிலிருந்தும் பின்னிருந்தும் இரண்டு படமாக வரையுங்கள். கடைசி மேல்தகட்டின் விளிம்பு. பெண்ணில் அடையாளங்கள் குறைவு. நெற்றி அகலம், முகத்தகட்டின் வளைவு, மயிர், நிறப்பரவல், கடைசித் தகட்டின் புள்ளிக்குழி என்று சிலதான். ஆண் இல்லாமல் பெண்ணை மட்டும் வைத்து இனம் சொல்வதைத் தள்ளிப்போடுவதே மேல்.

இனப்பெருக்க உறுப்பைத் தனியே எடுத்தால் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் ஒரு இரவு ஊற வையுங்கள். தோலைப் பொசுக்கும் பொருள், கையுறை வேண்டும். மறுநாள் தண்ணீரிலும், ஒரு துளி வினிகர் விட்ட தண்ணீரிலும் அலசி, கிளிசரின் நிரப்பிய குட்டிக் குப்பியில் போட்டு அதே பூச்சியின் ஊசியில் குத்துங்கள். தனி டப்பாவில் சேர்த்து வைத்தால் எது யாருடையது என்பது ஒரு வருடத்தில் மறந்துபோகும்.

அளவெடுக்கும்போது உடல் நீளத்தை நம்பாதீர்கள். குளவி வயிறு தொலைநோக்கிக் குழாய் போல உள்ளே போய் வெளியே வரும். ஒரே பூச்சி காய்ந்த பிறகு குறுகும். தலை அகலம், முன்னிறக்கை நீளம், உணர்கொம்புக் கணுக்களின் நீள அகல விகிதம் ஆகியவை மாறாதவை. கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு பெருக்கத்துக்கும் தனித்தனியே சரிபாருங்கள். 20 மடங்கில் சரிபார்த்ததை 32-க்குப் பயன்படுத்துவதுதான் மிகச் சாதாரணமான தவறு.

சாவி ஓட்டுவது

இந்தியக் குளவிகளுக்கு இன்றும் முதலில் புரட்டப்படுவது பிங்காம் 1897-ல் பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் எழுதிய தொகுதி. இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அவர் பேரினத்தை பெம்பெக்ஸ் என்று எழுதுகிறார், நாம் இன்று எழுதுவது பெம்பிக்ஸ். தேடும்போது இரு எழுத்துக்கூட்டலையும் போடுங்கள். குடும்பப் பெயரும் ஸ்ஃபெசிடே, கிராப்ரோனிடே, பெம்பிசிடே என்று மாறி வந்திருக்கிறது. இன்று எந்தப் பெயர் செல்லும், எது இணைப்பெயர் (ஒரே இனத்துக்கு வைத்த இன்னொரு பெயர்) என்று பார்க்க, கலிஃபோர்னியா அறிவியல் கழகத் தளத்தில் வோயிச்செக் புலாவ்ஸ்கி தொகுத்த பட்டியல் இருக்கிறது. பிங்காமில் பெயர் வந்ததும் அந்தப் பட்டியலில் சரிபார்க்காமல் எங்கும் எழுதாதீர்கள்.

சாவியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு வாசகத்தையும் படித்த பிறகே தேர்ந்தெடுங்கள். முதலாவது பொருந்துவதுபோலத் தோன்றினாலும் இரண்டாவது இன்னும் நன்றாகப் பொருந்தலாம். சந்தேகம் வந்த படியின் எண்ணைக் குறித்து, இரு பக்கமும் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் சீக்கிரமே அபத்தமாகிவிடும். வந்த பெயரை முழு வர்ணனையோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். சாவி ஊர் வரைக்கும் கொண்டுவிடும், வீட்டைக் காட்டுவது வர்ணனைதான்.

புகைப்படத்தை உயிரினங்களை இனம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் பேரினம் வரை நல்ல உதவி கிடைக்கும். முதுகுப் படத்தில் ஆறாம் அடித்தகடு தெரியாது என்பதால் இனம் வரை வரும் பதிலை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வர்ணிப்பது

ஏற்கெனவே பெயருள்ள இனமானாலும் டெல்டாவில் கிடைத்ததற்கு முறையான வர்ணனை எழுதிப் பழகுங்கள். வரிசை மாறக் கூடாது: தலை, மார்பு, கால், இறக்கை, வயிறு, இனப்பெருக்க உறுப்பு. ஒவ்வொன்றிலும் முதலில் வடிவம், பிறகு மேற்பரப்பு, பிறகு மயிர், கடைசியில் நிறம். முழு வாக்கியம் தேவையில்லை. "வயிற்றில் அழகான மஞ்சள் பட்டைகள்" என்பது யாருக்கும் உதவாது. "மேல்தகடு 1 முதல் 5 வரை இளமஞ்சள் பட்டை, 1-ல் நடுவில் அறுந்தது, இடைவெளி பட்டை அகலத்தில் பாதி, 2-ல் இரு கரும்புள்ளிகளைச் சூழ்ந்தது" என்றால் இன்னொருவர் தன் பூச்சியை அருகில் வைத்துப் பார்க்கலாம். "சற்றுப் பெரிய", "ஓரளவு அடர்ந்த" என்று கை எழுதத் தொடங்கினால் அங்கே விகிதம் ஒன்றைப் போடுங்கள்.

ஒரே திட்டில் பிடித்த பத்து பூச்சியை வரிசையாக வைத்தால் பட்டையின் அகலம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். இந்த மாறுபாட்டை எழுதாத வர்ணனைதான் பின்னால் வருபவரைப் "புது இனம்" என்று ஏமாற்றும். நிறத்தை மட்டும் வைத்து இனம் பிரிக்காதீர்கள். ஆணும் பெண்ணும் வேறாகத் தெரிவதால் ஒரே இனத்துக்கு இரு பெயர் வைத்த கதைகளும் பூச்சியியலில் ஏராளம். வளையருகே இணையாகப் பிடிபட்டது, அல்லது மரபணுக் குறியீடு ஒத்தது என்ற ஆதாரம் இருந்தால்தான் இருபாலையும் ஒரே பெயருக்குள் சேர்க்கலாம்.

உண்மையிலேயே புதியதாக இருந்தால்

பெம்பிக்ஸில் உலகெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் உள்ள எல்லாவற்றின் மூல வர்ணனையையும், முடிந்தால் மூலமாதிரியின் (பெயர் வைக்க ஆதாரமாகக் குறித்த பூச்சியின்) படத்தையும் பார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுடையது எந்த வடிவ அடையாளத்தில் விலகுகிறது என்று எழுத முடிந்தால் மட்டும் அடுத்த அடி. ஃபாப்ரிசியஸின் மூலமாதிரிகளுக்குக் கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் கேட்க வேண்டும். முன்பே இந்தக் கூட்டத்தில் எழுதியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நேரத்தையும் மானத்தையும் காக்கும்.

விலங்குப் பெயரிடல் சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி மூலமாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்றும் சொல்ல வேண்டும். மற்ற இனங்களிலிருந்து பிரிக்கும் அடையாளங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் முன்பதிவு செய்து, அந்தப் பதிவு பற்றிய குறிப்பு கட்டுரையிலேயே இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பெயர் செல்லாது. பெயர் லத்தீன் எழுத்தில்தான் இருக்க முடியும், சொல் எந்த மொழியாகவும் இருக்கலாம். வேட்டுவாளி ஒன்றுக்கு ஃபாப்ரிசியஸ் மதராசப்பட்டினத்தின் பெயரை வைத்தது போலக் கொள்ளிடத்தையோ திட்டையோ வைக்கத் தடையில்லை. உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்வதை விதி தடுக்காது, ஊர் சிரிக்கும்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிதாகக் கண்டறிந்த இனத்தை அதற்கென நியமித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அது கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம். சென்னையில் அதன் தென்மண்டல மையம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். இனம் காண வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவதானால் முன்னதாகத் தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையைக் கேட்டுவிடுங்கள்.

பெட்டி

மாதிரிகள் உங்களிடம் இருக்கும் காலம் வரை அவற்றின் எதிரிகள் நான்கு: பூஞ்சை, எறும்பு, புத்தகப்பேன், தோல்வண்டு. இறுக்கமாக மூடும் பெட்டி, மூலையில் ஊசியில் குத்திய நாப்தலீன் உருண்டை, சிறு துணிப்பையில் நீலச் சிலிக்கா ஜெல். ஜெல் வெளிர்சிவப்பானதும் வறுத்து மீண்டும் போடுங்கள். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு வராது. புதிதாக வரும் எந்தப் பூச்சியையும் பெட்டியில் சேர்க்கும் முன் மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பூச்சியின் அடியிலும் மாவு போல் தூள் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தூள் இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்தப் பூச்சியை மட்டுமல்ல, பெட்டியையே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது பெட்டியைத் திறக்காதீர்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் வேண்டிய ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடுங்கள்.